‘முதல்’ என்பதும் ‘வரை’ என்பதும்: கணிப்பொறியில் நாட்கணக்கு

‘முதல்’, ‘வரை’ என்னும் இரு சொற்களும் நம் நாவில் நாள்தோறும் பயில்வன. “திங்கள் முதல் வெள்ளி வரை கல்லூரி உண்டு” என்கிறோம். வெள்ளிக்கிழமையும் தவறாமல் கல்லூரிக்குச் செல்கிறோம். “பத்து மணி முதல் ஐந்து மணி வரை நூலகம் திறந்திருக்கும்” என்கிறோம். ஐந்து மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியேறுகிறோம். முதல் தொடரில் ‘வரை’ என்னும் சொல் இறுதி நாளைத் தன்னுள் அடக்கிக் கொண்டது. இரண்டாம் தொடரிலோ அதே சொல் ஐந்து மணியை எல்லைக் கல்லாக நட்டு, அதை வெளியே நிறுத்திவிட்டது. கேட்பவர் மனிதராயின் இவ்வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டுவதில்லை. உலக வழக்கு விளக்கிவிடுகிறது. கேட்பது கணிப்பொறியாயின், அதற்கு உலக வழக்குத் தெரியாது. நாம் எதைச் சொல்லாமல் விட்டோமோ அதை அது தன் போக்கில் செய்துவிடும். அதன் பயனாக ஒரு நாள் கூடும். அல்லது ஒரு நாள் குறையும்.

இவ்வொரு நாட்பிழை எங்ஙனம் நேர்கிறது, அதை எங்ஙனம் தவிர்ப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். நிரல் எழுதும் நண்பர்கள் மட்டுமன்றி, கணக்கும் வரலாறும் பயிலும் நண்பர்களும் இதில் சிறிது நேரம் செலவிடலாம். இதற்கு வேண்டியது கூட்டலும் கழித்தலுமே.

நாற்பதா, நாற்பத்தொன்றா?

சபரிமலை மண்டல விரதம் 41 நாள் என்பது யாவரும் அறிந்தது. 2024-ஆம் ஆண்டில் விருச்சிகம் முதல் நாள், அதாவது நம் கார்த்திகை முதல் நாள், நவம்பர் 16 அன்று வந்தது. மண்டல பூசை டிசம்பர் 26 அன்று நடந்தது. இவ்விரு தேதிகளையும் கணிப்பொறியிடம் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கச் சொன்னால் விடை 40 என்று வரும். விரல் விட்டு எண்ணினால் நவம்பரில் 15 நாள், டிசம்பரில் 26 நாள். ஆகக் கூடுதல் 41.

எது சரி? இரண்டும் சரியே, வினாக்கள் தாம் வேறு. கையை விரித்துப் பார்த்தால் விரல்கள் ஐந்து. அவற்றின் இடையே உள்ள சந்துகள் நான்கு. கழித்தல் சந்துகளை எண்ணுகிறது. விரதம் இருப்பவர் விரல்களை எண்ணுகிறார். முதல் நாளும் இறுதி நாளும் விரதத்தில் அடங்கும் என்பதால் கழித்து வந்த தொகையோடு ஒன்றைக் கூட்டினாலே மண்டலம் நிறையும்.

“ஒன்று தானே, கூட்டிவிட்டால் போயிற்று” என்று தோன்றும். ஆனால் எங்கே கூட்டுவது, எங்கே கூட்டாமல் விடுவது என்பதுதான் இடர்ப்பாடு. பெரிய நிரல் ஒன்றில் தேதிகள் நூறு இடங்களில் கையாளப்படும். ஓரிடத்தில் கூட்டியதை இன்னோரிடத்தில் மீண்டும் கூட்டுவோம், பிறிதோரிடத்தில் மறந்துவிடுவோம்.

ஒரு நாளின் விலை

ஒரு நாள் என்பது சிறிதாகத் தோன்றலாம். அதன் விலையை அறிய, நம் நகரிலேயே பட்டத்தில் தலைமையகம் கொண்ட கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிப்புகளை எடுத்துப் பார்த்தால் போதும். வயது வரம்பை அவ்வறிவிப்புகள் வெறும் வயதாகச் சொல்லி விடுவதில்லை. 18 முதல் 36 வரை என்று குறித்தபின், இன்ன தேதிக்கும் இன்ன தேதிக்கும் இடையில் பிறந்தவர்களே விண்ணப்பிக்கலாம் என்று வரையறுத்து, “இரு தேதிகளும் உட்பட” என்றும் சேர்த்து எழுதுகின்றன. 2023-ஆம் ஆண்டுக்கான அத்தகைய வரம்பு 2-1-1987 முதல் 1-1-2005 வரை.

இவ்விரு எல்லைகளையும் கூர்ந்து நோக்குக. 2023 ஜனவரி முதல் நாளை அளவுகோலாகக் கொண்டால், 1-1-2005 அன்று பிறந்தவர் அன்றுதான் 18 நிறைந்தவர். ஆதலால் உள்ளே வருகிறார். 2-1-1987 அன்று பிறந்தவருக்கு 36 நிறைய இன்னும் ஒரு நாள் உண்டு. ஆதலால் அவரும் உள்ளே வருகிறார். அவருக்கு ஒரு நாள் முந்திப் பிறந்தவர் வெளியே நிற்கிறார். ‘வரை’ என்பதை ஐந்து மணிக்கு மூடும் நூலகம் போல எண்ணி ஒருவர் நிரல் எழுதினால், 1-1-2005 அன்று பிறந்த இளைஞரின் விண்ணப்பத்தைக் கணிப்பொறி தள்ளிவிடும். “இரு தேதிகளும் உட்பட” என்னும் மூன்று சொற்கள் அச்சில் இடம்பெறுவது வீணுக்கன்று. விளிம்பில் நிற்பவர்களுக்கு அவையே பாதுகாப்பு.

உதவித்தொகை, விடுதிக் கட்டணம், தேர்வுக் கட்டணம் செலுத்தும் கெடு, வருகைப் பதிவு ஆகிய மாணவர் வாழ்க்கைக் கணக்குகள் யாவும் இத்தகைய விளிம்புகளில் தான் நிற்கின்றன.

நாளுக்கு ஓர் எண்

தேதி என்பது ஆண்டு, மாதம், நாள் என்னும் மூன்று எண்களின் கூட்டு. மாதங்கள் ஒரே அளவினவல்ல; பிப்ரவரி நான்காண்டுக்கு ஒருமுறை நீளும்; நூற்றாண்டின் இறுதியில் நீளாது; நானூறு ஆண்டுக்கு ஒருமுறை அங்கும் நீளும். 1900 சாதாரண ஆண்டு. 2000 மிகைநாள் ஆண்டு. இக்கூட்டை வைத்துக் கொண்டு கூட்டலும் கழித்தலும் செய்வது கல்லும் முள்ளுமான பாதையில் நடப்பது போன்றது. ஆதலால் அறிஞர் கண்ட வழி, ஒவ்வொரு நாளுக்கும் வரிசையாக ஓர் எண் கொடுத்துவிடுவது. பிறகு மாதமும் இல்லை, ஆண்டும் இல்லை, எண் ஒன்றே.

இவ்வழியை மேனாட்டார் கணிப்பொறிக்கெனப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று எண்ண வேண்டா. நம் நாட்டு வானநூலார் கலியுகத் தொடக்கமாகிய கி. மு. 3102 பிப்ரவரி 18-இலிருந்து நாட்களை எண்ணி வந்தனர். கணித்த நாட்டொகைக்கு அகர்கணம் என்பது பெயர். கேரளத்தில் இவ்வெண்ணை எழுத்துக்களால் சொல்லும் கடபயாதி முறை பெருவழக்காக இருந்தது. மேல்புத்தூர் நாராயண பட்டத்திரி தம் நாராயணீயத்தை முடிக்கும் ஈற்றுச் சொல்லில் 1712210 என்னும் கலிநாள் எண்ணை அமைத்து வைத்தார். அந்நாள் கொல்லம் 762-ஆம் ஆண்டு விருச்சிகம் 28. நூல் முடிந்த நாளை ஆண்டு, மாதம் எதுவும் கூறாமல், ஓர் எண்ணாலேயே அவர் பதித்துவிட்டார். இன்றைய கணிப்பொறி செய்வதும் இதுவே.

ஐரோப்பாவில் இதே பணிக்கு உதவும் எண்ணிக்கை ஜூலியன் நாள் எண் எனப்படும். ஜோசப் ஸ்காலிஜர் 1583-இல் வகுத்த காலச் சுழற்சியை அடிப்படையாகக் கொண்டது அது, கி. மு. 4713-இல் தொடங்குகிறது. யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகள் 1970 ஜனவரி 1-ஐத் தொடக்கமாகக் கொண்டன. பைத்தான் மொழி கி. பி. முதலாம் ஆண்டின் முதல் நாளுக்கு 1 என்னும் எண்ணைத் தருகிறது. தொடக்கம் எதுவாயினும் தீங்கில்லை. ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்குப் போக, நிலையான ஓர் எண்ணைக் கூட்டினாலோ கழித்தாலோ போதும். எண்கள் இடையில் விட்டுப் போகாமலும் இரட்டிக்காமலும் இருப்பதே முக்கியம்.

அங்ஙனம் ஓர் எண் விட்டுப் போனதற்கும் சான்று உண்டு. எக்செல் என்னும் கணக்கேட்டு நிரலில் 60 என்ற எண்ணைத் தேதியாக மாற்றினால் 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாள் உலகில் விடியவே இல்லை. அதற்கு முன் வழங்கிய லோட்டஸ் 1-2-3 என்னும் நிரல் 1900-ஐ மிகைநாள் ஆண்டாகக் கொண்டிருந்தது. பழைய ஏடுகள் புதிய நிரலிலும் திறக்க வேண்டும் என்பதற்காக அப்பிழையை எக்செல் அப்படியே ஏற்றுக் கொண்டது. இன்றும் அதைச் சுமக்கிறது.

எண்ணாக மாற்றும் வழி

தேதியை நாள் எண்ணாக மாற்ற ஓர் எளிய உத்தி உண்டு. ஆண்டை மார்ச்சு மாதத்தில் தொடங்குவதாக வைத்துக் கொள்ள வேண்டும். அப்போது பிப்ரவரி ஆண்டின் கடைக்கோடிக்குப் போய்விடுகிறது. மிகைநாள் வந்தாலும் அது வாலில் ஒட்டிக் கொள்ளுமேயன்றி நடுவில் புகுந்து மற்ற மாதங்களைத் தள்ளாது. மார்ச்சுக்கு 0, ஏப்ரலுக்கு 1, இப்படியே பிப்ரவரிக்கு 11 என்று எண் இடுக. அம்மாத எண்ணை 153-ஆல் பெருக்கி, 2 கூட்டி, 5-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டால், மார்ச்சு முதல் நாளிலிருந்து அம்மாதம் பிறக்கும் வரை கழிந்த நாட்கள் கிடைக்கும்.

நவம்பரின் எண் 8. 8-ஐ 153-ஆல் பெருக்க 1224. இரண்டு கூட்ட 1226. ஐந்தால் வகுக்க 245. நவம்பர் 16 என்பது மாதத்தில் 15 நாள் கழிந்த நிலை. ஆதலால் அதன் எண் 260. டிசம்பரின் எண் 9. அதே வழியில் 275 வரும். டிசம்பர் 26-க்கு 25 கூட்ட 300. முந்நூறிலிருந்து இருநூற்று அறுபது போக 40. முன்னர்க் கண்ட நாற்பது இதுவே.

பல ஆண்டுகளைக் கடக்க வேண்டுமாயின், ஆண்டு எண்ணை 365-ஆல் பெருக்கி, அதை 4-ஆல் வகுத்த ஈவைக் கூட்டி, 100-ஆல் வகுத்த ஈவைக் கழித்து, 400-ஆல் வகுத்த ஈவைக் கூட்டிச் சேர்த்துக் கொள்ளலாம். ஜனவரியும் பிப்ரவரியும் முந்திய ஆண்டின் கணக்கில் சேரும் என்பதை மட்டும் மறக்கலாகாது. இவ்வேலையை இன்றைய மொழிகள் யாவும் தாமே செய்துவிடும். எனினும் உள்ளே நடப்பதை ஒருமுறையேனும் கையால் செய்து பார்த்தவருக்கே பிழை நேரும்போது இடம் தெரியும்.

முறைஜபம் கற்பிக்கும் பாடம்

நாளுக்கு எண் கொடுத்தாயிற்று. இனி ‘முதல்–வரை’யைக் கணிப்பொறியில் எங்ஙனம் பதிப்பது? இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இந்நகரிலேயே இருக்கிறது. பத்மநாப சுவாமி கோயிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை முறைஜபம் நடைபெறும். முடிவில் இலட்ச தீபம் ஏற்றப்படும். முறை ஒன்றுக்கு 8 நாள், ஏழு முறைகள், மொத்தம் 56 நாள். 2019-இல் அது நவம்பர் 21 அன்று தொடங்கி, 2020 ஜனவரி 15 அன்று இலட்ச தீபத்தோடு முடிந்தது.

இதை இரு வகையாகப் பதிக்கலாம். முதல் வகை, முதல் நாளையும் இறுதி நாளையும் எழுதுவது. முதல் முறை 1 முதல் 8. இரண்டாம் முறை 9 முதல் 16. மூன்றாம் முறை 17 முதல் 24. மக்கள் பேசும் வழி இதுவே. இதை இருபுறமும் அடைத்த வரம்பு எனலாம். இரண்டாம் வகை, தொடங்கும் நாளையும், முடிந்தபின் வரும் மறுநாளையும் எழுதுவது. முதல் முறை 0 முதல் 8. இரண்டாம் முறை 8 முதல் 16. மூன்றாம் முறை 16 முதல் 24. ஏழாம் முறை 48 முதல் 56. இடப்பக்க எண் வரம்பின் உள்ளே. வலப்பக்க எண் வெளியே. இதைப் பாதி திறந்த வரம்பு எனலாம்.

இரண்டாம் வகையில் நான்கு நலன்கள் உண்டு.

ஒன்று: நீளம் அறியக் கழித்தால் போதும், ஒன்று கூட்ட வேண்டா. நவம்பர் 21-இன் எண் 265. ஜனவரி 15-க்கு மறுநாளாகிய 16-இன் எண் 321. இரண்டுக்கும் வேறுபாடு 56. சொன்ன தொகை அப்படியே நிற்கிறது. ஆண்டு நடுவே மாறியும் கணக்குத் தடுமாறவில்லை.

இரண்டு: ஒரு முறை முடியும் எண்ணே அடுத்த முறை தொடங்கும் எண். ஆதலால் நடுவே நாள் விட்டுப் போயிற்றா, ஒரு நாள் இரு முறைகளிலும் விழுந்ததா என்று ஒரு பார்வையில் தெரியும்.

மூன்று: ஒரு நாளும் இல்லாத வெறும் வரம்பையும் எழுத முடியும், 8 முதல் 8 என்றால் நாளே இல்லை என்று பொருள். அடைத்த வரம்பில் இதைச் சொல்ல வேண்டுமாயின் 9 முதல் 8 என்று தலைகீழாக எழுத நேரும்.

நான்கு: நாளைவிடச் சிறிய மணி, நிமிடம் என்னும் கூறுகளுக்குப் போனாலும் இம்முறை மாறாது.

டச்சு நாட்டுக் கணிப்பொறி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய சிறு குறிப்பொன்றில், எண்ணிக்கையைச் சுழியிலிருந்து தொடங்கி, மேல் எல்லையை வெளியே நிறுத்துவதே சிறந்தது என்று இத்தகைய காரணங்களால் நிறுவினார். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள நிரலில் 2012 முதல் நாள் வரம்புக்கெனத் தனி வகையே உண்டு. நாம் அடைத்த வரம்பாகக் கொடுத்தாலும் அது தன்னுள்ளே பாதி திறந்த வரம்பாக மாற்றியே வைத்துக் கொள்கிறது.

தேர்வாணையத்தின் வயது வரம்பை இப்போது மீண்டும் காண்க. பாதி திறந்த முறையில் அது 2-1-1987 முதல் 2-1-2005 வரை. சரியாகப் பதினெட்டு ஆண்டுகள். 36-இலிருந்து 18 போக மீதி 18 என்பது தேதிகளிலேயே தெளிவாகத் தெரிகிறது.

இரண்டு வரம்புகள் மோதுமா?

விடுதியின் விருந்தினர் அறையை எடுத்துக் கொள்வோம். ஒருவர் 10-ஆம் தேதி வந்து 12-ஆம் தேதி காலை போகிறார். மற்றொருவர் 12-ஆம் தேதி மாலை வருகிறார். இருவருக்கும் ஒரே அறையைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்று விடுதிக் காவலர் கணப்பொழுதில் சொல்லிவிடுவார். கணிப்பொறிக்கு விதி வேண்டும்.

முன்னே வருவது, பின்னே வருவது, ஒன்றினுள் ஒன்று அடங்குவது, ஓரம் தொடுவது என்று இரண்டு கால வரம்புகளுக்கு இடையே 13 வகை உறவுகள் உண்டென்று ஜேம்ஸ் ஆலன் 1983-இல் வகுத்துக் காட்டினார். மோதுவனவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகச் சோதிக்கப் புகுவோர் ஏதேனும் ஒன்றை விட்டுவிடுவர். எளிய வழி, மோதாத நிலையை எண்ணிப் பார்ப்பது. மோதாதவை இரண்டே: முதல்வர் போனபின் இரண்டாமவர் வருவது, அல்லது இரண்டாமவர் போனபின் முதல்வர் வருவது. இவ்விரண்டும் இல்லையெனில் மோதல் உண்டு. அதாவது முதலாவதன் தொடக்கம் இரண்டாவதன் முடிவுக்கு முந்தியும், இரண்டாவதன் தொடக்கம் முதலாவதன் முடிவுக்கு முந்தியும் இருந்தால் மோதல். 10 முதல் 12, 12 முதல் 15 என்னும் வரம்புகளில், 12 என்பது 12-க்கு முந்தியதன்று. ஆதலால் மோதல் இல்லை. காவலர் சொன்னதும் அதுவே.

மறைந்து நிற்கும் குழிகள்

இனிச் சில குழிகளைச் சுட்டுதல் வேண்டும். தரவுத்தளங்களின் வினவு மொழியாகிய எஸ்.க்யூ.எல். மொழியில் ‘பிட்வீன்’ என்னும் சொல் இரு எல்லைகளையும் உள்ளே சேர்ப்பது. தேதி மட்டும் உள்ள இடத்தில் அது தீங்கற்றது. ஆனால் விண்ணப்பம் வந்த நேரமும் பதிவாகியிருந்தால், “31 வரை” என்பதைக் கணிப்பொறி 31-ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு வரை என்று கொள்ளும். கடைசி நாளில் விண்ணப்பித்தோர் ஏறத்தாழ அனைவரும் விடுபட்டுப் போவர். கடைசி நாளில் தான் நம்மில் பலர் விண்ணப்பிக்கிறோம் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை! அடுத்த மாதம் 1-ஆம் தேதிக்கு முன் என்று எழுதிவிட்டால் இவ்விடர் இல்லை.

பிறந்த நாளை நேரத்தோடு சேர்த்துப் பதிப்பதும் தவறு. இந்திய நேரப்படி நள்ளிரவு என்பது கிரீனிச் நேரப்படி முந்திய நாள் மாலை 6-30. நள்ளிரவு என்று பதித்த பிறந்த தேதி, கிரீனிச் நேரத்துக்கு மாறும்போது ஒரு நாள் பின்வாங்கிவிடும். பிறந்த நாளுக்கு நேர மண்டலம் இல்லை. அதைத் தேதியாகவே வைத்தல் வேண்டும்.

மாதத்தைக் கூட்டுவது மற்றொரு குழி. ஜனவரி 31-இலிருந்து ஒரு மாதம் கழித்து எந்நாள்? ஜாவா மொழியின் தேதி நூலகம் பிப்ரவரியின் கடைசி நாளைத் தரும். அங்கிருந்து ஒரு மாதம் பின்னே வந்தால் ஜனவரி 28 அல்லது 29. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவில்லை. ஆதலால் மாதத் தவணைகளை ஒன்றிலிருந்து அடுத்ததாகக் கணிக்காமல், ஒவ்வொன்றையும் முதல் தேதியிலிருந்தே கணிக்க வேண்டும்.

சித்திரையும் மேடமும்

தமிழகத்திலிருந்து வந்து இந்நகரில் பயிலும் நமக்கு வேறொரு சிக்கலும் உண்டு. ஆவணி என்பது சிங்கம், தை என்பது மகரம், சித்திரை என்பது மேடம் என்று பெயரை மாற்றிச் சொன்னால் தமிழ்த் தேதி மலையாளத் தேதியாகிவிடும் என்று நம்மில் பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் அது பொருந்தும், எப்போதும் பொருந்தாது.

இரு முறைகளும் ஞாயிறு ஓர் இராசியிலிருந்து அடுத்த இராசிக்குப் புகும் சங்கிராந்தியையே மாதத் தொடக்கமாகக் கொள்வன. ஆனால் தமிழ் வழக்கில் கதிரவன் மறைவதற்குள் சங்கிராந்தி நிகழ்ந்தால் அன்றே மாதம் பிறக்கும். பிறகு நிகழ்ந்தால் மறுநாள். மலையாள வழக்கில் பகற்பொழுதை ஐந்து கூறாக்கி, முதல் மூன்று கூறுகளுக்குள் நிகழ்ந்தால்தான் அன்று, இல்லையேல் மறுநாள். பகல் ஆறு முதல் ஆறு எனக் கொண்டால் அவ்வெல்லை பிற்பகல் 1 மணி 12 நிமிடம். அதற்குப் பின்னும் மாலைக்கு முன்னும் சங்கிராந்தி வந்தால், தமிழ் மாதம் ஒரு நாள் முந்திப் பிறந்துவிடும். 2023-இல் மேட சங்கிராந்தி ஏப்ரல் 14 பிற்பகலில் நிகழ்ந்தது. சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14; மேடம் முதல் நாள் ஏப்ரல் 15. மேகநாத சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1955-இல் வெளியிட்ட தன் அறிக்கையில் இத்தகைய வட்டார விதிகளைத் தொகுத்திருக்கிறது.

இச்செய்தி பொழுதுபோக்குக்கு உரியதன்று. திருவிதாங்கூர் அரசின் ஆவணங்கள் கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டவை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, அம்மக்களின் பழைய பத்திரங்களும் கொல்லம் தேதியோடு தமிழகத்துக்கு வந்தன. அத்தேதிகளைத் தமிழ் விதியால் மாற்றினால் சில ஒரு நாள் பிசகும். ஆண்டை மாற்றுவதிலும் கவனம் வேண்டும். கோயில் நுழைவு விளம்பரம் வெளியான 1112 துலாம் 27 என்பது 1936 நவம்பர் 12; இங்கே கூட்ட வேண்டியது 824. ஆனால் ஜனவரி பிறந்தபின் ஆவணி வரை கூட்ட வேண்டியது 825.

இன்னும் பின்னே போனால் ஆங்கிலத் தேதியும் நம்பத் தக்கதாக இல்லை. மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபனுக்கு அர்ப்பணித்த நாள் கொல்லம் 925 மகரம் 5. வரலாற்று நூல்கள் இதை 1750 ஜனவரி 3 என்கின்றன. ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியை 1752 செப்டம்பரில் தான் கைவிட்டனர். அம்மாதம் 2-ஆம் தேதிக்கு மறுநாள் 14-ஆம் தேதி. ஆகவே ஜனவரி 3 என்பது பழைய கணக்கு. இன்றைய கணக்கில் அது ஜனவரி 14. குளச்சல் போரின் நாளாக நாம் படிக்கும் 1741 ஆகஸ்டு 10 புதிய கணக்கு. பழைய கணக்கில் அது ஜூலை 31. ஆகஸ்டு 10-ஐயும் ஜனவரி 3-ஐயும் ஒரு நிரலில் இட்டு இடைப்பட்ட நாட்களைக் கேட்டால், 11 நாள் குறைந்து விடை வரும். கணிப்பொறி சிறிதும் தயங்காது.

இதற்கு வழி என்ன? முன்னர்க் கண்ட முறையே இங்கும் உதவுகிறது. நம் சூரிய மாதங்கள் 29 முதல் 32 நாள் வரை நீண்டும் குறுகியும் வருவன. அவற்றை மனப்பாடமாக நிரலில் எழுத முயலக் கூடாது. ஒவ்வொரு மாதமும் பிறந்த நாளின் எண்ணைப் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்து, கொல்லம் ஆண்டுக்கு ஓர் அட்டவணை, தமிழாண்டுக்கு வேறோர் அட்டவணை என்று வைத்துக் கொள்ள வேண்டும். ஒரு மாதம் என்பது அது பிறந்த எண் முதல் அடுத்த மாதம் பிறக்கும் எண் வரை உள்ள பாதி திறந்த வரம்பு. நீளத்தைத் தனியே எழுத வேண்டா, கழித்தால் கிடைக்கும். மேடம் ஒரு நாள் தள்ளிப் பிறந்தால் மீனத்துக்கு அந்நாள் தானே சேர்ந்துவிடும். எந்த நாளும் இரு மாதங்களில் விழாது. எந்த நாளும் அனாதையாக நிற்காது.

அட்டவணையால் பெற்ற எண்ணோடு, ஏட்டில் கண்ட மூலத் தேதியையும், அது எந்த நாட்காட்டியைச் சேர்ந்தது என்பதையும் அருகில் எழுதி வைத்தல் இன்றியமையாதது. இந்நகரின் ஆவணக் காப்பகத்தில் உள்ள மதிலக ஓலைகளைக் கணிப்பொறியில் ஏற்றுவோர் மூலத்தை விட்டுவிட்டு மாற்றிய தேதியை மட்டும் வைத்தால், மாற்றியதில் நேர்ந்த பிழையைப் பின்வருவோர் எவராலும் கண்டுபிடிக்க இயலாது. எக்செல் ஏட்டில் 1900-க்கு முந்திய நாளைத் தேதியாகவே எழுத முடியாது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

தொகுத்துக் கூறின்: நாளுக்கு எண் கொடுக்க வேண்டும், தொடக்கத்தை உள்ளேயும் முடிவை வெளியேயும் நிறுத்த வேண்டும், மனிதர் பேசும் ‘வரை’யை வாயிலில் வாங்கும்போதே, இறுதி நாள் உண்டா இல்லையா என்று கேட்டு, உண்டெனில் ஒன்று கூட்டி உள்ளே அனுப்ப வேண்டும், வெளியே காட்டும்போது அவ்வொன்றைக் கழித்து, மக்கள் அறிந்த வடிவிலேயே காட்ட வேண்டும். கூட்டலும் கழித்தலும் அவ்விரு வாயில்களோடு நின்றுவிட்டால் உள்ளே குழப்பமில்லை.

பெரும்பாலோர் எந்த வரம்பிலும் நடுவில் இருப்பவர். அவர்களுக்கு எந்த நிரலும் சரியாகவே நடக்கும். நிரலின் நேர்மை தெரிவது முதல் நாளிலும் கடைசி நாளிலும் நிற்பவரிடத்தில் தான். கணிப்பொறித் துறையில் புகவிருக்கும் நண்பர்கள் தாம் எழுதும் நிரலை முதலில் அவ்விருவரைக் கொண்டே சோதிப்பார்களாக. “ஒரு நாள் தானே” என்பது அந்த ஒரு நாளை இழக்காதவர் சொல்லும் சொல்.